சான்றிதழ் சொல்லாத பழுப்பு: வைரத்தின் நிறச் சாயலைப் பார்த்து வாங்குவது எப்படி

ஒரே எடை, ஒரே தெளிவு, ஒரே நிறத் தரம், ஒரே ஆய்வகம் கொடுத்த சான்றிதழ். ஆனால் இரண்டு வைரங்களில் ஒன்று மட்டும் விலை நன்றாகக் குறைந்து கிடக்கிறது. இணையத்தில் கல் தேடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான். விற்பவர் தள்ளுபடி என்பார், வாங்குகிறவர் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வார். மொத்த வியாபாரத்தில் இருக்கும் ஒருவரிடம் அதே பட்டியலைக் காட்டினால் அவர் முதலில் கேட்பது "பிஜிஎம் இருக்கா?" என்றுதான். பிரவுன், கிரீன், மில்க்கி என்ற மூன்றின் முதலெழுத்துகள் அவை. பழுப்புச் சாயல், பச்சைச் சாயல், பால் கலந்தாற்போன்ற மங்கல். "நோ பிஜிஎம்" என்று உறுதி சொல்லி விற்கும் கல்லுக்கு ஒரு விலை, அந்த உறுதி இல்லாத கல்லுக்கு வேறு விலை. சான்றிதழில் மட்டும் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

மூன்றில் அதிகம் எதிர்ப்படுவது பழுப்பு. அது ஏன் சான்றிதழில் வருவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வைரத்தின் நிறத்தை டி (நிறமே இல்லாதது) முதல் இசட் (சாயல் நன்றாகத் தெரிவது) வரை எழுத்துகளால் குறிக்கும் முறையை அமெரிக்காவின் ஜிஐஏ ஆய்வகம் 1950களில் கொண்டுவந்தது. அதற்கு முன் வியாபாரிகள் ஏ, ஏஏ, ஏஏஏ என்று ஆளுக்கொரு விதமாகத் தரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்தோடு ஒட்டுறவே வேண்டாம் என்றுதான் புதிய அளவுகோல் டி-யில் தொடங்கியது. சந்தையில் மிகுதியாகக் கிடைத்த கற்களில் இருந்தது மஞ்சள் சாயல். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாதிரிக் கற்களும் படிப்படியாக மஞ்சள் ஏறுகிற கற்களாகவே அமைந்தன. பழுப்புச் சாயல் உள்ள கல் ஒன்று வந்தால், அதன் நிறம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் மஞ்சள் மாதிரியோடு பொருத்தி எழுத்துத் தருவார்கள். அழுத்தம் ஜி மாதிரிக்குச் சமம் என்றால் ஜி. அந்தச் சாயல் மஞ்சளா பழுப்பா என்பது அந்த எழுத்தில் வராது.

கே-யிலிருந்துதான் பேச்சு மாறுகிறது. கே முதல் எம் வரையுள்ள பழுப்புக் கல்லுக்கு எழுத்தோடு 'ஃபெயின்ட் பிரவுன்' என்று சேர்த்து எழுதுவார்கள். என் முதல் ஆர் வரை 'வெரி லைட் பிரவுன்', எஸ் முதல் இசட் வரை 'லைட் பிரவுன்'. இசட்டைத் தாண்டினால் அது 'ஃபேன்ஸி பிரவுன்' வகையறா, தனிச் சந்தை. ஆக, டி முதல் ஜே வரை உள்ள ஏழு படிகளில் பழுப்பு இருந்தாலும் சான்றிதழ் வாய் திறப்பதில்லை. நம்மில் பெரும்பாலோர் வாங்குவது இந்த ஏழு படிகளுக்குள்தான். ஆய்வகம் பொய் சொல்லவில்லை, அதன் அளவுகோல் அப்படி. ஆனாலும், மொத்த வியாபாரிகளின் பட்டியல்களில் 'ஷேட்' என்று தனிக் கட்டம் இருந்து அதில் பிரவுன் என்று பதிவாகும்போது, கடைசியில் பணம் கட்டுகிறவர் கைக்கு வரும் தாளில் மட்டும் அது இல்லாமல் போவது நியாயமாக எனக்குப் படவில்லை.

வியாபாரிகள் இதை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதற்கு சூரத், மும்பைப் பேச்சே சாட்சி. லைட் பிரவுன் என்பது எல்பி. அதைவிட மேலானது டிஎல்பி, டாப் லைட் பிரவுன். அதற்கும் மேல், கண்ணுக்கு வெள்ளை போலவே தெரிவது டிடிஎல்பி. பொட்டலத்தின் மேல் பென்சிலால் இந்த எழுத்துகளை எழுதி வைத்திருப்பார்கள். அந்த டிடிஎல்பி பொட்டலத்திலிருந்து ஒரு கல் சான்றிதழுக்குப் போய்த் திரும்பும்போது, ஜி என்றோ ஹெச் என்றோ புதுப்பெயர் பெற்று வந்துவிடும்.

பழுப்பும் மஞ்சளும் ஒரே அளவில் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியாததற்குக் காரணம் உண்டு. மஞ்சள், கல்லில் கலந்த நைட்ரஜன் அணுக்களால் வருவது. அவை ஒளியின் நீலப் பகுதியை உறிஞ்சிவிடுகின்றன, மற்ற ஒளி தாராளமாகத் திரும்பி வருகிறது. அதனால் மஞ்சள் கல்லும் பளிச்சென்றே இருக்கும். பழுப்பு பெரும்பாலும் வெளிப்பொருள் கலந்ததால் வருவதில்லை. பூமிக்கடியில் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தபோது கல் அழுத்தத்தில் நெளிந்து, அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியிருக்கின்றன. வழுக்கிய இடங்களில் கார்பன் அணு இருக்கவேண்டிய இடம் காலியாகி, பல காலியிடங்கள் கொத்தாகச் சேர்ந்துவிடுகின்றன. அந்தக் கொத்துகள் சிவப்பிலிருந்து ஊதா வரை எல்லா ஒளியையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகின்றன, ஊதாப் பக்கம் போகப் போக அதிகமாக. விளைவு, நிறம் மட்டும் ஏறுவதில்லை, கல்லின் வெளிச்சமும் சற்றுக் குறைகிறது. பழுப்புச் சாயல் கல்லை "அழுக்குப் போல இருக்கு" என்று விவரம் தெரியாதவர்கள்கூடச் சொல்வது இதனால்தான். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சில கற்களில் இந்த வழுக்கல் கோடுகளே பழுப்பு வரிகளாக, மரப்பலகையின் ரேகை போல, இணையாக ஓடுவதைப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் பழுப்புக் கற்களின் போக்கிடம் பெரும்பாலும் தொழிற்சாலைதான். துளையிடும் கருவி, அறுக்கும் சக்கரம், சாணைப்பொடி. அதை மாற்றியது ஆஸ்திரேலியா.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் 1979-ல் ஆர்கைல் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. 1983-ல் ஆற்று மணலிலும், 1985 முதல் திறந்தவெளிச் சுரங்கத்திலும் தோண்டத் தொடங்கினார்கள். உச்சத்தில், 1994-ல், ஒரே ஆண்டில் 4 கோடி காரட்டுக்கு மேல் எடுத்தது அந்தச் சுரங்கம். ரியோ டின்டோ நிறுவனம் 2020 நவம்பரில் அதை மூடும்வரை மொத்தம் 86 கோடி காரட்டுக்கு மேல் வெளியே வந்திருக்கிறது. உலகம் ஆர்கைலை இளஞ்சிவப்பு வைரத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் இளஞ்சிவப்பு, எடுத்ததில் 1 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பகுதி பழுப்பு. இரண்டுக்கும் மூலம் ஒன்றேதான் என்பது இதில் வேடிக்கை. சுமார் 180 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலத்தட்டுகள் மோதிய இடம் அது. அந்த நெரிசலில் சற்று நெளிந்த கல் இளஞ்சிவப்பானது, அதிகம் நெளிந்தது பழுப்பானது. பின்னர் சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம் பிளந்து விரிந்தபோது எரிமலைக் குழம்பு அவற்றை மேலே கொண்டுவந்தது.

தோண்டியவர்களுக்கு மலை மலையாகப் பழுப்புக் கல். சாணைப்பொடி விலைக்குத் தள்ளினால் கட்டுப்படியாகாது. ஆகவே பெயரை மாற்றினார்கள். வெளிர் பழுப்பு 'ஷாம்பெயின்' ஆனது, அடர் பழுப்பு 'கோன்யாக்' ஆனது. சி1-லிருந்து சி7 வரை ஓர் அளவுகோலும் போட்டார்கள். சி1, சி2 வெளிர் ஷாம்பெயின், நடுவில் நடுத்தரமும் அடர்த்தியும், சி7 கோன்யாக். பின்னாளில் லெ வியான் என்ற அமெரிக்க நகை நிறுவனம் தன் பழுப்புக் கற்களுக்கு 'சாக்லேட் டைமண்ட்' என்று வணிகப் பெயரே பதிவு செய்துகொண்டது. விளம்பரம் வெற்றி. நேற்றுவரை துளைக்கருவியில் போன கல் மோதிரத்தில் ஏறியது.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஆர்கைல் கற்களில் பெரும்பாலானவை சிறியவை. ஐரோப்பாவில் கூலி கொடுத்துப் பட்டை தீட்டினால் கல்லின் விலையைவிடக் கூலி அதிகமாகும். சூரத்தில் அந்தக் கணக்கு சரிப்பட்டு வந்தது. 1980களிலும் 90களிலும் குஜராத்தின் பட்டறைகள் பெருத்ததில் அந்தச் சின்னப் பழுப்புக் கற்களின் பங்கு கணிசமானது. குறைந்த விலையில் வைர நகை என்பதே உலகச் சந்தையில் சாத்தியமானது அப்போதுதான்.

தென்னிந்திய ரசனை இதற்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. நம் வீடுகளில் வைரம் என்றால் ஏழுகல் தோடு, எட்டுக்கல் பேசரி. அதற்குக் கேட்பது 'புளூ ஜாகர்'. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தில் கிடைத்த, லேசாக நீலம் ஓடும் வெள்ளைக் கற்களின் பெயர் அது. சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது, பெயர் மட்டும் சென்னைக் கடைகளில் தரச் சொல்லாக இன்னும் ஓடுகிறது. இப்போது அந்தப் பெயரில் தருவது எந்தச் சுரங்கத்துக் கல் என்று கேட்டால் பதில் வராது. நீலத்தைத் தேடுகிற கண்ணுக்குப் பழுப்பு ஆகவே ஆகாது என்றுதான் நினைக்கத் தோன்றும். நடைமுறை வேறு. நம்மவர்கள் லென்ஸ் வாங்கினால் முதலில் தேடுவது கரும்புள்ளி. பழக்கம் பழையது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடைத் தெருவைச் சொல்லும்போதே காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களை வரிசைப்படுத்துகிறது. இன்றும் புள்ளி இல்லை, கீறல் இல்லை என்று தெரிந்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. ஒட்டுமொத்தக் கல்லில் பரவியிருக்கும் லேசான சாயல், லென்ஸை வைத்துப் புள்ளி தேடும் கண்ணில் படுவதில்லை.

ஏழுகல் தோட்டில் இது பெரிய விஷயம். இரண்டு காதுக்கும் சேர்த்து 14 கல். 14-ம் ஜி என்றே இருக்கட்டும், அதில் ஒன்றிரண்டு மட்டும் பழுப்புப் பக்கம் சாய்ந்திருந்தால் பகல் வெளிச்சத்தில் அந்த இதழ் மட்டும் தூசி படிந்தாற்போல் நிற்கும். ஒற்றைக் கல் மோதிரத்தில் ஒப்பிட ஆளில்லாததால் தப்பித்துவிடும் சாயல், பக்கத்தில் ஆறு கல் வந்தவுடன் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பின்பக்கம் மூடிய பழைய கட்டுமானத்தில் இது இன்னும் சிக்கல். உள்ளே என்ன வைத்து மூடியிருக்கிறார்கள் என்பதும் நிறத்தை மாற்றும். எனவே தோட்டுக்குக் கல் எடுப்பவர்கள் கட்டுவதற்கு முன்பே, உதிரியாக, எல்லாக் கல்லையும் வரிசையாகப் பார்த்துவிட வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? கடையின் மேற்கூரையில் பதித்திருக்கும் விளக்குகளின் கீழ் வேண்டாம். அந்த விளக்குகள் வைரத்தை மின்ன வைப்பதற்கென்றே இருப்பவை, மின்னும் கல்லில் சாயல் தெரியாது. அவற்றில் பல மஞ்சள் ஒளி தருபவை வேறு, அதில் பழுப்பு கரைந்துபோகும். பகலில் போங்கள். சன்னல் பக்கம், நேர் வெயில் படாத இடத்தில் நில்லுங்கள். பளபளப்பில்லாத வெள்ளைத் தாள் ஒன்றை நீளவாக்கில் மடித்தால் நடுவில் ஒரு பள்ளம் கிடைக்கும். கல்லின் தட்டையான மேல்முகம் தாளில் படும்படி, கூர்முனை மேலே இருக்க, அந்தப் பள்ளத்தில் கவிழ்த்து வையுங்கள். இப்போது மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில், கூம்பின் சரிவுக்கு நேராகப் பாருங்கள். மின்னல் அடங்கி, கல்லின் உடம்பு நிறம் மட்டும் தெரியும். மஞ்சள் என்றால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைப் போல இருக்கும். பழுப்பு என்றால் டீத்தண்ணி சிந்தி நீர்த்த நிறம், அல்லது லேசான சாம்பல் கலந்த மங்கல். பக்கத்தில் அதே அளவுள்ள, பழுப்பில்லை என்று கடைக்காரரே உறுதி சொல்லும் இன்னொரு ஜி கல்லை வைக்கச் சொல்லுங்கள். தனியாகப் பார்த்தால் பிடிபடாத வேறுபாடு, ஜோடியாகப் பார்க்கும்போது சட்டென்று பிடிபடும். அதன்பின் இரண்டு கல்லின் இடத்தையும் மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். சன்னலுக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்துக் கண் ஏமாறும்.

இணையத்தில் வாங்கும்போது இந்த வசதி இல்லை. வீடியோவில் வெள்ளைச் சமநிலையை (நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பை) யார் எப்படி வைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அங்கே செய்யக்கூடியது, ஒரே விற்பனையாளரின் ஒரே மேடையில் படமெடுத்த பல ஜி கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது. கூடவே எழுத்தில் கேட்பது. "இந்தக் கல்லில் பிரவுன், கிரீன், மில்க்கி உண்டா?" என்று ஒரே வரி. பதில் "சான்றிதழில் ஜி என்று இருக்கிறதே" என்று வந்தால், அது கேட்ட கேள்விக்கான பதில் இல்லை.

இவ்வளவு சொன்னபின், பழுப்புச் சாயலே ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. மஞ்சள் தங்கத்தில் பதிக்கப்போகிற 20, 25 சென்ட் (நூறு சென்ட் ஒரு காரட்) கல்லில் மெல்லிய பழுப்பை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. தங்கத்தின் நிறமே கல்லுக்குள் எதிரொலிக்கும். நன்றாக வெட்டிய வட்டக் கல் என்றால் மின்னலே சாயலை மறைத்துவிடும். பிளாட்டினத்திலோ வெள்ளைத் தங்கத்திலோ, அதுவும் ஒரு காரட்டைத் தொடும் கல்லில், கதை வேறு. எமரால்டு கட், ஆஷர் கட் போன்ற படிக்கட்டு வெட்டுகளில் கல் கண்ணாடி போலத் திறந்து கிடக்கும், சாயல் ஒளிந்துகொள்ள இடமில்லை. புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும் கல் என்றால் பழுப்பு தெரியாது என்று சிலர் சொல்வார்கள். அந்த உத்தி ஓரளவு எடுபடுவது மஞ்சளிடம்தான், பழுப்புக்கு அதை நம்பி வாங்க நான் சொல்லமாட்டேன்.

ஆக, இரண்டு வழிகள் எனக்குச் சரியாகப் படுகின்றன. ஒன்று, சாயல் இருப்பது தெரிந்து, அதற்கான விலைக் குறைப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, சாயல் தெரியாத நகைக்கு அந்தக் கல்லைப் பயன்படுத்துவது. மற்றொன்று, பழுப்பே பிடித்திருந்தால் தயங்காமல் நல்ல பழுப்புக்குப் போவது. பழுப்பு நிறம் முழுதாக ஏறிய, ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு ஓட்டம் உள்ள கல் ரோஸ் கோல்டில் அழகாக உட்காரும். வெள்ளைக் கல்லோடு ஒப்பிட்டால் அதே பணத்துக்குப் பெரிய கல் கிடைக்கும். பட்டை தீட்டிய பெரிய வைரங்களில் புகழ்பெற்ற 'கோல்டன் ஜூபிலி' மஞ்சள் கலந்த பழுப்புதான். 545.67 காரட், பட்டை தீட்டியவற்றில் அதுவரை முதலிடத்தில் இருந்த முதலாம் கல்லினன் வைரத்தைவிடப் பெரியது. தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சுரங்கத்தில் 755.5 காரட் கரட்டுக் கல்லாகக் கிடைத்தபோது யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. சென்டினரி என்ற மகா வெண்ணிற வைரத்தை வெட்டுவதற்கு முன் கருவிகளைச் சோதித்துப் பார்க்கத்தான் வைரம் வெட்டும் நிபுணர் காபி டால்கோவ்ஸ்கியிடம் அது போனது. கொஞ்ச காலம் 'பெயரில்லாப் பழுப்பு' என்றே அழைக்கப்பட்டது. 1997-ல் தாய்லாந்து மன்னர் பூமிபோலுக்கு அளிக்கப்பட்டபோதுதான் அதற்கு இன்றைய மதிப்பு வந்தது.

நடுவில் மாட்டிக்கொள்வதுதான் நட்டம். வெள்ளை விலை கொடுத்து வெள்ளையும் இல்லாத, பழுப்பு என்று சொல்லிக்கொள்ளவும் முடியாத கல்.

பழுப்பை நீக்கிவிடவும் முடியும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1999-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் லசாரே கப்லான் நிறுவனமும் சேர்ந்து, பழுப்பு வைரத்தை நிறமற்றதாக மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தபோது வைர உலகம் ஆடிப்போனது. 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பம், வளிமண்டலத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு அழுத்தம். அதில் அந்தக் காலியிடக் கொத்துகள் கலைந்துவிடுகின்றன. ஆனால் நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத, இயற்கை வைரங்களில் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில்கூடக் கிடைக்காத வகைக் கல்லில்தான் வெள்ளை கிடைக்கும். நைட்ரஜன் உள்ள சாதாரணப் பழுப்பை இப்படிச் சமைத்தால் பச்சை கலந்த மஞ்சளாகிவிடும். செய்முறை செய்யப்பட்ட கல் என்றால் ஜிஐஏ சான்றிதழிலும் கல்லின் இடுப்பு விளிம்பிலும் ஹெச்பிஹெச்டி (உயர் அழுத்தம், உயர் வெப்பம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற குறிப்பு இருக்கும். சாதாரண லென்ஸில் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகக் கருவி வேண்டும். சான்றிதழ் இல்லாத பெரிய, அப்பழுக்கற்ற வெள்ளைக் கல் மலிவாக வந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

ஆய்வகத்தில் வளர்க்கும் வைரத்திலும் பழுப்பு வருகிறது. சிவிடி முறையில் வாயுவிலிருந்து வைரத்தை வேகமாக வளர்த்தால் கல் பழுப்பாக வளர்வது சாதாரணம். அதைப் பிறகு அதே உயர் அழுத்த வெப்ப முறையில் வெளுக்கிறார்கள். சரியாக வெளுக்காத கல்லில் பழுப்பு மிச்சமிருக்கும். இந்தத் துறைக்கு நம் அரசும் தூண்டுகோல் கொடுத்துவருகிறது. 2023 பட்ஜெட்டையொட்டி, ஆய்வக வைர ஆராய்ச்சி மையம் ஒன்றுக்காக சென்னை ஐஐடிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு சுமார் 242 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். விலை வெகுவாக இறங்கிவிட்ட இந்தச் சந்தையில் சாயலுள்ள கல்லைச் சகித்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. சாயல் இல்லாத கல்லே கைக்கெட்டும் விலையில் கிடைக்கும்போது, தள்ளுபடி என்று பழுப்பை எடுப்பது வீண்.

கடைசியாகக் கடைக்காரரிடம் கேட்கவேண்டியவை. நகையில் இருக்கும் ஹெச்யுஐடி முத்திரை தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும்தான், அது வைரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. எனவே பில்லில் கல்லின் எடை, நிறம், தெளிவோடு 'பிரவுன் ஷேட் இல்லை' என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் காரணம் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. விற்கும்போது யார் கண்ணிலும் படாத பழுப்பு, அதே கல்லை இரண்டு வருடம் கழித்துத் திருப்பிக் கொண்டுபோகும்போது மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணில் முதலில் படும். வேறு கடைக்குக் கொண்டுபோனால் அங்கே பில்லும் உதவாது. கல்லைப் பிரித்து, தாளில் கவிழ்த்து, அவர்களே விலை சொல்வார்கள்.